கரையணையும் பக்கம்

உல்ஸ்டா துறையில் பதினெட்டு வருடமாய்க்
கயிறு எறிகிறேன்.
படகு சுவரைத் தொடும் முன்னே
இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றித்தான் எறிய முடியும்.
போன பனிக்காலத்திலிருந்து
அந்தச் சுற்றில்
மழையில் ஊறிய கதவு ஒன்று
நிலையில் உரசுகிறது.

தொடை எலும்பின் தலை தேய்ந்திருக்கிறதாம்.
கழுத்து திடமாம்.
அறுத்தெறியாமல்
தலைக்கு ஒரு தொப்பி, குழிக்கு ஒரு கிண்ணம்,
அப்படியும் ஒன்று உண்டு என்றாள்
எக்ஸ்ரே எடுத்த பெண்,
சொல்லக் கூடாததைச் சொல்லும் குரலில்.

அபர்தீனில் ஃபார்குவர்சன்
என் எலும்பைத் திரையில் அளந்தார்.
நாற்பத்தாறு மில்லிமீட்டர்.
"ஆணாயிருந்தால் யோசித்திருப்பேன்."
நான் அதற்கு முயற்சி செய்ததில்லை என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
சின்னத் தலைக்கு உலோகம் ஒத்துவராது,
உரசி உரசி இரத்தத்தில் கோபால்ட் இறங்கும்,
முழு மூட்டையும் மாற்றிவிடலாம்,
தோட்ட வேலை தாராளமாய்ச் செய்யலாம்.
என் தோட்டம்
நாலு முட்டைக்கோஸும் காற்றும்.
ஆனாலும் மனிதர் பொய் சொல்லவில்லை.
அதையும் எழுதிவைத்தேன்,

ஓத அட்டவணையின் ஓரத்தில்.
மார்ச் மாதம் முழுக்க
உயர் ஓதத்துக்கு எதிரே
மருத்துவர் பெயர்கள்.

எடின்பரோவில் ஹால்டேன் அம்மையார். முன்வழி.
தசையை அறுப்பதில்லை,
திரைச்சீலை விலக்குவதுபோல் விலக்கி
நடுவே நுழைவது.
கேட்க இனிமையாயிருந்தது.
தொடையில் ஒரு கையகலம் மரத்துப்போகலாம்,
சிலருக்கு மீளாமலே.
பீங்கான் தொப்பி, புதிது.
இந்த வழியில் இந்தத் தொப்பி
இதுவரை எத்தனை பேருக்கு?
"பதினொன்று."
கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.
பன்னிரண்டாவது யார் என்று
பேருந்தில் வடக்கே முழுக்க யோசித்தேன்.

பெல்ஜியத்தில், கெண்ட் நகரில், வான்டவீல்.
போகச் செலவு, படுக்கச் செலவு, திரும்பச் செலவு.
மேக்னி ஒன்றும் சொல்லாமல்
ஒரே மீனை இரண்டு தரம் சுத்தம் செய்தான்.

பின்வழி. நீளத் தழும்பு.
சின்னத் தசைகளை எலும்பிலிருந்து அறுத்து
வேலை முடிந்ததும் திரும்பத் தைப்பது.
எனக்குக் கயிறு தெரியும்.
அறுந்ததைப் புரி புரியாய்ப் பின்னி இணைத்தால்
கொஞ்சம் பலம் குறையும்.
யார் பின்னினார்கள் என்பதைப் பொறுத்தது
அந்தக் கொஞ்சம்.

எத்தனை?
"ஆயிரத்து நானூறு. பீங்கானில் முந்நூற்றுப் பத்து."
திரும்பி வந்தவை?
இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.
"பீங்கானில் ஒன்பது. ஆறு பெண்கள்."
அதை நான் கேட்கவேயில்லை.
"மூன்றில் கிண்ணத்தைச் செங்குத்தாய் வைத்துவிட்டேன்.
வைத்தது நான்தான்."

முன்வழியில் செய்வீர்களா, எனக்காக?
"செய்யலாம்.
நன்றாகச் செய்ய மாட்டேன்."

திரும்புகிற விமானத்தில்
லௌரியின் ஞாபகம் வந்தது.
எங்கள் நீரிணையில் அவனைப்போல்
படகை அணைக்க ஆளில்லை,
எப்போதும் இடப்பக்கம்.
கம்பெனி ஒரு புதுக் கையேடு அனுப்பி
வலப்பக்கம் அணைக்கச் சொன்ன காலையில்
நல்ல வெயில், அலையே இல்லை.
இரண்டு கார்களின் கண்ணாடி போனது.
ஆட்டு வண்டியிலிருந்து இறங்கிய கிழவி
அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை,
தெர்மாஸை நீட்டினாள்.

நான் மூன்று மாதமாய் வழியைத் தேடிக்கொண்டிருந்தேன்,
வழிக்குப் பொருத்தமான கையை.
அட்டவணையில் இரண்டு பெயரை அடித்தேன்.
மூன்றாவது தானாக நின்றது,
அதன்மேல் காபி சிந்தியிருந்தாலும்.

சம்மதப் படிவத்தை மேக்னி உரக்கப் படித்தான்.
"வலது இடுப்பு.
எந்த வலது? படகின் வலதா?"
படகின் வலது மாறுவதில்லை,
யார் எங்கே பார்த்து நின்றாலும்.
ஆனால் மேசையில் என்னைக் கவிழ்ப்பார்களோ, சாய்ப்பார்களோ,
எத்தனை பேர் எந்தெந்தப் பக்கம் நிற்பார்களோ.
பேனாவால் ஒரு அம்பு போடுவார்களாம்.

நானே போட்டுக்கொண்டு போகிறேன்,
கயிற்றில் பாகம் குறிக்கிற
அந்தக் கறுப்பு மையால்.
உப்புத் தண்ணீரிலும் ஒரு பருவம் தாங்கும்.